அம்பாசிடர் மார்க் 3, 1489 பெட்ரோல் என்ஜின்: பிரித்தாயிற்று, எப்படிச் சேர்ப்பது?

பாலக்கோடு_மார்க்3

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா ஓட்டிய 1977 அம்பாசிடர் மார்க் 3 இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1489 சிசி பெட்ரோல், பி.எம்.சி. பி-சீரீஸ் என்ஜின். கடைசியாக ஓடியபோது பின்னால் வருகிறவர்கள் திட்டும் அளவுக்கு நீலப் புகை. ஆயில் குடித்தது, போதாததற்குக் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஒழுகவும் செய்தது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் என்ஜினை இறக்கி முழுவதும் பிரித்தார். பாதியில் அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. மீதி இரண்டு சாக்குகளிலும் ஒரு பால் கேனிலும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), அதன் கேப் எல்லாம் இருக்கின்றன. எது எந்த சிலிண்டருடையது என்று குறித்து வைத்திருக்கிறார், அதுவரை நல்ல மனிதர்.

சிலிண்டரின் உள்துளையான போரின் மேல்பக்கம் விரலை விட்டால் நகம் மாட்டும்படி ஒரு திட்டு. பிளாக்கின் தண்ணீர் வழியில் பின்பக்கம், நான்காம் சிலிண்டரைச் சுற்றி, சுண்ணாம்புக் காரை பூசியது மாதிரி அடைத்திருக்கிறது. தருமபுரியில் ஒரு போரிங் கடையில் கேட்டேன். எதையும் அளக்காமலே, "பிளாக்கைக் கொண்டு வாங்க, 40 அடிச்சிடலாம்" என்றார்கள். அதாவது போரை 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகக் கடைவது.

40 அடிக்கலாமா, ஸ்லீவ் (போருக்குள் இறக்கும் புது உறை) போடலாமா, இல்லை இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு என்ஜின் வைக்கலாமா? வேலையைக் கூடியவரை நானே செய்ய ஆசை.

தொப்பூர்_டாக்சி

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவன். நேராகவே சொல்கிறேன், இசுசு 1800 என்ஜினைத் தேடி வை. ஐந்து கியர் பாக்ஸோடு கிடைத்தால் இன்னும் நல்லது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது பழைய 1489 படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். நாலு பேர், டிக்கியில் மூட்டை என்றால் மூன்றாவது கியரிலும் தாங்காது. இரண்டாவதுதான்.

பழைய என்ஜினுக்குச் செலவழிக்கும் காசில் ஓடுகிற என்ஜினே வாங்கிவிடலாம்.

ஓசூர்_கேஜ்

டாக்சி அண்ணா சொல்வதில் ஓட்டுகிற சுகம் உண்மைதான். ஆனால் காகிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. என்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி என்ஜின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். பழைய வண்டி, வேறு வகை என்ஜின், எங்கிருந்து வாங்கினீர்கள் என்ற கேள்வி... நடையாய் நடக்க வேண்டியிருக்கும். உங்கள் பிளாக் உடையவில்லை, விரிசல் இல்லை என்றால் அதையே கட்டுங்கள்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். அளக்காமல் 40 என்று சொன்ன கடைக்குப் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். முதலில் போர் டயல் கேஜ் கிடைக்குமா பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே மூன்று உயரத்தில் அளவு எடுங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்குக்கு நேராக ஒன்று, குறுக்காக ஒன்று. குறுக்கில்தான் பிஸ்டன் அழுத்தும், தேய்மானம் அங்கேதான் அதிகம். கிராங்க் ஜர்னல்களுக்கு (பேரிங்கில் சுழலும் பகுதிகளுக்கு) மைக்ரோமீட்டர். எண்களை இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.

கிருஷ்ணகிரி_லேத்

நான் பழைய பேட்டைப் பக்கம் போரிங், கிரைண்டிங் பார்த்து ஓய்ந்தவன். இந்த என்ஜின் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

முதலில் தண்ணீர் விஷயம், ஏனென்றால் நம் ஊரில் இந்த என்ஜின்கள் செத்ததே அதனால்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டு வந்தார்கள், ரேடியேட்டருக்கு யாரும் கொண்டு வரவில்லை. வழியில் எந்தப் பம்புசெட்டில் நிறுத்தினாலும் அந்தக் கடினத் தண்ணீர்தான். அதில் உள்ள உப்பு சூட்டில் படிந்து ஓடாகிறது. மண்ணும் துருவும் பிளாக்கின் பின்கோடியில் போய் இறங்குகின்றன. நான்காம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட்டமே இல்லாமல் போய்விடும். முன்னால் முள் சாதாரணமாகக் காட்டும், பின்னால் நான்காம் போர் வெந்துகொண்டிருக்கும். தொப்பூர் ஏற்றத்தில் டாக்சிக்காரர் பார்த்ததில் பாதி என்ஜினின் குறை அல்ல, இந்த ஓடுதான்.

ஆகவே போரிங்குக்கு முன்னால் பிளாக்கின் தண்ணி டம்மிகள் (தண்ணீர் வழித் துளைகளை அடைக்கும் மூடிகள்) எல்லாவற்றையும் தட்டி எடுத்துவிடுங்கள். துளை வழியாகப் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளை விட்டுக் குடைந்தால் கட்டி கட்டியாக வரும். கைப்பிடி கைப்பிடியாக வெளியே வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பிறகு கடையில் கெமிக்கல் தொட்டியில் ஊறப்போடச் சொல்லுங்கள். ஆயில் வழிகளின் அடைப்பான்களையும் கழற்றிக் குச்சிப் பிரஷ் விட்டுத் துடைக்க வேண்டும். டம்மி எல்லாம் புதிது, பித்தளையில் கிடைத்தால் நல்லது.

அப்புறம் ஒரு கட்டளை. பிஸ்டன் செட் கையில் வராமல் போரிங் செய்யக் கூடாது. 40 என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி யாரும் போர் அடிக்க மாட்டார்கள். பிஸ்டனின் பாவாடையை (கீழ்ப்பகுதியை) மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தந்த சிலிண்டருக்கு அந்தந்த பிஸ்டன் என்று எண் போட்டு, அதற்கு ஏற்பத்தான் போரை முடிக்க வேண்டும்.

பாலக்கோடு_மார்க்3

ஓசூர் நண்பர் ஒருவரிடம் கேஜ் வாங்கி அளந்துவிட்டேன். பழைய பிஸ்டன் தலையில் 020 என்று இருக்கிறது, அதாவது ஏற்கெனவே ஒருமுறை 20 தவ் அடித்திருக்கிறார்கள். மூல அளவு 73.025 மி.மீ. என்பதால் 20-க்கு 73.53 வருகிறது.

மோசமானது நான்காம் சிலிண்டர். திட்டுக்குக் கீழே குறுக்கில் 73.71. அடியில், ரிங் போகாத இடத்தில் 73.53. மற்ற மூன்றும் மேலே 73.65-க்குள் இருக்கின்றன.

30-க்கு 73.79 வருகிறதே. 73.71-ஐ விடப் பெரியதுதானே? அப்படியானால் 30-லேயே முடிந்துவிடும், 40-ஐ அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரியா?

கிருஷ்ணகிரி_லேத்

நிறையப் பேர் இப்படித்தான் நினைப்பார்கள். கணக்கு அப்படிப் போகாது.

போர் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. உங்கள் 0.18 மி.மீ. தேய்மானம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில், பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் சுவரில் இருக்கும். அத்தனையும் ஒரே பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மையத்திலிருந்து அந்தச் சுவர் 36.765-உடன் 0.18, அதாவது 36.945 தூரத்தில் இருக்கிறது. அதே மையத்தில் வைத்துச் சுற்றி வந்தால் அந்தச் சுவரைத் தொடவே 73.89 விட்டம் வேண்டும். 30 என்பது 73.79. கருவி அந்தப் பக்கம் தொடாமலே போய்விடும். பழைய தேய்மானம் ஒரு பட்டையாகப் பளபளவென்று அப்படியே நிற்கும்.

இதை மறைக்கச் சில கடைகளில் என்ன செய்வார்கள் என்றால், போரிங் பாரைத் தேய்ந்த மேல்பகுதியை வைத்தே மையம் பிடிப்பார்கள். 30-ல் சுத்தமாக வந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிலிண்டரின் மையம் கிட்டத்தட்ட ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு ஓரமாக நகர்ந்துவிட்டது. தேயாத அடிப்பகுதியை வைத்து மையம் பிடிக்கிறாரா என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலில் அவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே 40. அதாவது 74.04.

தொப்பூர்_டாக்சி

ஆக, அளக்காமலே 40 என்று சொன்ன கடைக்காரர் சொன்னதுதான் கடைசியில் சரி! கேஜ் தம்பி என்ன சொல்கிறார்?

ஓசூர்_கேஜ்

ஹா ஹா. எண் சரி, ஒப்புக்கொள்கிறேன். அவர் எந்தப் பிளாக் வந்தாலும் 40 சொல்லுவார், அண்ணா. இதே பிளாக் ஏற்கெனவே 40 அடித்ததாக இருந்திருந்தால்?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 40 தான் கடைசி. அதற்குப் பிறகு இந்தப் பிளாக்குக்கு ஸ்லீவ் மட்டுமே வழி. இப்போதே நான்கிலும் ஸ்லீவ் இறக்கி மூல அளவான ஸ்டாண்டர்டுக்கு வந்துவிட்டால் பின்னாளில் பல தடவை போரிங் செய்யும் வாய்ப்பு கிடைக்கும் இல்லையா?

கிருஷ்ணகிரி_லேத்

வருடத்துக்கு ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் டாக்சிக்கு அந்தக் கணக்கு சரி. இந்தத் தம்பி மாதத்துக்கு எவ்வளவு ஓட்டப் போகிறார்? ஒழுங்காகப் போட்ட 40 அவர் பிள்ளை காலம் வரை வரும். ஸ்லீவ் சரியாக உட்காராவிட்டால் அதற்கும் பிளாக்குக்கும் நடுவே சூடு தங்கும். அதிலும் நான்காம் சிலிண்டரில். நல்ல பிளாக்கில் தேவையில்லாமல் ஸ்லீவ் இறக்குவது எனக்குப் பிடிக்காது.

பாலக்கோடு_மார்க்3

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் அலைந்து ஒரு 40 செட் பிடித்துவிட்டேன், பழைய ஸ்டாக். 30 செட் எங்கேயும் இல்லை, ஆகவே வாக்குவாதமும் முடிந்தது. அதே கடையில் மெயின் பேரிங், பிக் எண்ட் (கான்ராட்டின் பெரிய பக்கம்) பேரிங் 20 அண்டர்சைஸ், கேஸ்கெட் செட்டும் கிடைத்தன. கிராங்க் ஏற்கெனவே 10 தவ் குறைத்து கிரைண்டிங் செய்ததாக இருக்கிறது, பிக் எண்ட் ஜர்னல் இரண்டு முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது, எனவே 20-க்கு கிரைண்டிங் கொடுக்கிறேன்.

கிரைண்டிங் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

கிருஷ்ணகிரி_லேத்

ஜர்னலின் இரு ஓரத்திலும் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவு அப்படியே வர வேண்டும் என்று சொல்லுங்கள். கல்லின் ஓரத்தைக் கூராக வைத்துச் சதுரமாக வெட்டிவிட்டால் கிராங்க் உடைவதற்கு அங்கேதான் விரிசல் பிடிக்கும். மூன்றே மெயின் பேரிங்கில் நிற்கும் கிராங்க் இது, ஏற்கெனவே வளையும் குணம் உண்டு. கிரைண்டிங் முடிந்து வந்ததும் ஆயில் துளைகளைக் கம்பிப் பிரஷ் விட்டு நீங்களே கழுவுங்கள். கல்தூள் ஒரு சிட்டிகை இருந்தாலும் புதுப் பேரிங் போச்சு.

போருக்கும் அப்படியே. ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்து முடிப்பது) முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு "சுத்தம்" என்பார்கள். மண்ணெண்ணெய் தூளைப் போரின் கோடுகளுக்குள் தள்ளிவிடும். சுடுதண்ணீர், துணி சோப்பு, பிரஷ். தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாகாமல் வெள்ளையாகவே வரும்வரை திரும்பக் கழுவ வேண்டியதுதான். வீட்டம்மா திட்டுவார்கள், பரவாயில்லை.

பாலக்கோடு_மார்க்3

எல்லாம் கடையிலிருந்து வந்துவிட்டன. அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் பயப்படுவது இரண்டு இடம்: நடு மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்ட வாஷர்கள், கான்ராட்டில் பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் போல்ட்.

ஓசூர்_கேஜ்

வாஷரில் எண்ணெய்ப் பள்ளம் உள்ள பக்கம் வெளியே, கிராங்கின் கன்னத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வெறும் முதுகு பிளாக்கைப் பார்த்து. கேப் இறுக்கிய பிறகு கிராங்கை முன்னும் பின்னும் தள்ளி டயலில் பாருங்கள். 2 முதல் 3 தவ் ஆட்டம் சரி. கிளட்ச் அமுக்கும்போதெல்லாம் அந்த வாஷர்தான் அடி வாங்குகிறது, இதில் அவசரம் வேண்டாம்.

மெயின் கேப் 70 பவுண்டு-அடி, அதாவது 9.7 கிலோகிராம்-மீட்டர். பிக் எண்ட் 35, சுமார் 4.8. டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகியது என்று அப்போதுதான் தெரியும். எல்லாம் முடித்துவிட்டுச் சுற்றினால் எதைக் குறை சொல்வது?

கிருஷ்ணகிரி_லேத்

பின் போல்ட் விஷயத்தில் பயம் நியாயமானது. இந்தக் கான்ராட்டின் சின்னப் பக்கம் பிளந்திருக்கும், போல்ட் இறுக்கினால் பின்னைக் கவ்விக்கொள்ளும். பின்னின் நடுவில் போல்ட் போக ஒரு பள்ளம் உண்டு. பள்ளமும் துளையும் நேராக வந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை விட வேண்டும். கையால் திருகியே பாதிக்கு மேல் இறங்க வேண்டும்.

இறுக்கும்போது கான்ராட்டை வைஸில் பிடிக்கவே கூடாது. முறுக்கிக்கொண்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது, ஓடும்போது பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும். பின்னின் இரண்டு முனைகளிலும் இறுக்கமாக உட்காரும் கட்டைகளைக் கடைந்து வைத்து, அந்தக் கட்டைகளை வைஸில் பிடித்து இறுக்குங்கள். கட்டை வேண்டுமானால் கடைந்து வைக்கிறேன், ஒரு நாள் கிருஷ்ணகிரி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கான்ராட்டின் பெரிய பக்கம் சாய்வாக வெட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால்தான் பிஸ்டனோடு மேல்வழியாகவே இறக்க முடிகிறது. கேப் மாறிவிடாமல் பழைய மெக்கானிக் போட்ட குறியைப் பார்த்தே போடுங்கள்.

அரூர்_ராக்கர்

புதியவன், ஆனால் இதே என்ஜின் வைத்திருக்கிறேன். ஹெட் பற்றி ஒன்று சொல்லட்டுமா? ராக்கர் (வால்வைத் தள்ளும் கை) ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ராக்கர் இல்லாமல் ஹெட்டை இறுக்கிவிட்டு ராக்கரை அப்புறம் வைக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். புஷ் ராட் எல்லாம் போட்டு, ராக்கரை உட்கார வைத்து, பதினொரு நட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று நான்கு சுற்றாக இறுக்க வேண்டும். பின்னாளில் ராக்கரைக் கழற்றும்போதும் இதே கதை. முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, பதினொன்றையும் தளர்த்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க ஒன்பது கணக்கு தெரியும்தானே? எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு. மூன்றுக்கு ஆறு. கூட்டினால் எப்போதும் ஒன்பது. 15 தவ் ஃபீலர், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது.

பாலக்கோடு_மார்க்3

ஒன்பது கணக்கு அருமை. நான் காகிதத்தில் படம் வரைந்து குழம்பிக்கொண்டிருந்தேன். டைமிங் செயினில் இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் வந்துவிட்டன.

பின்பக்க ஆயில் சீல் கேஸ்கெட் செட்டில் இல்லையே? கடைக்காரர் வைக்க மறந்துவிட்டாரா?

கிருஷ்ணகிரி_லேத்

மறக்கவில்லை. இந்த என்ஜினுக்குப் பின் சீலே கிடையாது. கிராங்கின் பின்முனையில் மரை மாதிரி ஒரு சுழல் வெட்டியிருக்கிறது பாருங்கள். சுற்றும்போது அந்த மரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறுத்தி வைத்தால் சில சொட்டு விழும், அதுதான் அதன் இயல்பு. உங்கள் வண்டியில் அளவுக்கு மீறி ஒழுகியது ரிங் தேய்ந்து சம்ப்புக்குள் (அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்) காற்று அழுத்தம் ஏறியதால். புது ரிங் போட்டதும் பாதி குறையும். என்ஜின் மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். லிப் சீல் வைக்கிறேன், பிளாக்கைக் கொஞ்சம் கடைகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தொப்பூர்_டாக்சி

எங்கள் ஸ்டாண்டில் அம்பாசிடர் நின்ற இடத்தைத் தரையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒழுகவில்லை என்றால்தான் ஆயில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஓசூர்_கேஜ்

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால்: ஆயில் பம்பைக் காலியாக வைத்து மூடாதீர்கள், உள்ளே வாசலின் பூசினால் முதல் சுற்றிலேயே ஆயிலை உறிஞ்சும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அழுத்தம் காட்டாமல் பிளக்கைப் போடவே வேண்டாம்.

பிடித்தவுடன் ஐடிலில் விடக் கூடாது. 1500 முதல் 2000 ஆர்.பி.எம்.முக்குள் இருபது நிமிடம் ஓட வேண்டும். கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவது அந்த இருபது நிமிடத்தில்தான், ஐடிலில் அவற்றின் மேல் ஆயில் போதுமான அளவு தெறிக்காது. ஜிங்க் அதிகமுள்ள மினரல் ஆயில், 20டபிள்யூ-50. சிந்தெடிக் வேண்டாம், ரிங் உட்காராது. ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும். பம்புசெட் தண்ணீர் கதை மறுபடியும் ஆரம்பிக்க வேண்டாம்.

அரூர்_ராக்கர்

பெட்ரோல் பைப்பையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வருவது இ20. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமும் எத்தனாலில் ஊறிப் போய்விடும். என்ஜின் சூடான இடத்தில் பெட்ரோல் ஒழுகினால் தீ. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பாலக்கோடு_மார்க்3

ஸ்டார்ட் ஆகிவிட்டது! பிளக் இல்லாமல் சுற்றும்போது அழுத்தம் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது, பயந்துவிட்டேன். அப்புறம் முள் ஒரே தாவாகத் தாவியது. இருபது நிமிடம் ஓடி முடிந்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட்டை மறுபடி டார்க் செய்து, டாப்பெட்டும் பார்த்துவிட்டேன். இப்போது சூட்டில் ஓடும்போது 50 பி.எஸ்.ஐ. பக்கம், ஐடிலில் 20. புகை இல்லை. பின்னால் சொட்டு விழுகிறது, லேத் ஐயா சொன்ன அளவுதான்.

மாரண்டஅள்ளி வரை போய் வந்தேன். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன், மேட்டில் இழுத்துத் தொல்லைப்படுத்தவில்லை. தொப்பூருக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்திலேயே நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு சீட் பழையபடியே ஹெட்டின் இரும்பிலேயே நேரடியாக வெட்டியதாக இருக்கிறது. கடினப்படுத்திய சீட் போட ஹெட்டை மறுபடி இறக்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி_லேத்

இப்போது வேண்டாம். நீங்கள் ஓட்டும் அளவுக்கு வால்வு சீட் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாது. தெரிந்துகொள்ளும் வழி சுலபம்: சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், டாப்பெட் இடைவெளி குறையும். ஒவ்வொரு தடவையும் டாப்பெட் பார்க்கும்போது எக்ஸாஸ்ட் இடைவெளியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே வால்வு 15-லிருந்து 12, 10 என்று இறங்கிக்கொண்டே வந்தால் அப்போது ஹெட்டைக் கொண்டு வாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயில் இன்னொரு முறை மாற்றுங்கள், டாப்பெட்டும் அப்போதே.

தொப்பூர்_டாக்சி

50 வருடம் தாண்டினால் விண்டேஜ் பதிவு, வி.ஏ. நம்பர் என்கிறார்களே, அதற்குப் போகலாமா தம்பி?

ஓசூர்_கேஜ்

போனால் தினசரி ஓட்ட முடியாது அண்ணா. கண்காட்சி, பேரணி மாதிரி காரியங்களுக்குத்தான் அந்தப் பதிவு. இவர் ஓட்டத்தானே இத்தனை பாடுபட்டார். சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்தால் போதும். எஃப்.சி. (தகுதிச் சான்று), காகித விவரங்கள் வேண்டுமென்றால் தனி இழையாகத் தொடங்குங்கள், இங்கே என்ஜின் பேச்சோடு கலந்துவிடும்.